செங்கமலம் சுட்ட இரண்டு கோழிகள்

முன்னொரு காலத்தில் குன்றைநாட்டை வீரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாகக் காதில் யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம். அவனைக் கட்டி மேய்ப்பதற்குள் அரண்மனைக்கே தாவு தீர்ந்துவிடும்.

ஒருநாள் ராஜாவுக்குச் சுட்ட கோழி மேல் ஆசை வந்தது. சமையல்காரி செங்கமலம் தயிர், இஞ்சி, பூண்டு, மிளகு சேர்த்து மசாலா கலந்தாள். அதைக் கோழியில் தடவி ஊறவைப்பதற்குள் ராஜாவே அடுப்படிக்கு வந்துவிட்டான். கூடவே ஆலோசகர் அம்பலவாணர். செங்கமலத்தைத் துரத்திவிட்டுத் தன் மச்சினனை அங்கே உட்காரவைக்கத் துடித்துக்கொண்டிருந்த ஆசாமி.

"தயிரா? மகாராஜாவுக்குச் சளி பிடிக்குமே!"

"தயிர் வேண்டாம்," என்றான் ராஜா.

செங்கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு மசாலா அரைத்தாள்.

"பூண்டா? சபையில் வாய் நாறுமே!"

"பூண்டும் வேண்டாம்."

மறுபடி அம்மி. மிளகு சூடாம், இஞ்சி எரியுமாம், உப்பு போட்டால் கால் வீங்குமாம். எல்லாவற்றுக்கும் ராஜா தலையாட்டினான். கடைசியில் சட்டியில் மிஞ்சியது வெறும் தண்ணீர்.

"இது ருசிக்கலேன்னா?" என்றாள் செங்கமலம்.

"உன் வேலை போகும்!" என்று முந்திக்கொண்டார் அம்பலவாணர்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "சரி, உங்க கோழிக்கு இதுதான் உத்தரவு. இது யாரோட பக்குவம்னு மட்டும் சொல்லிடுங்க."

"என்னுடையது!" என்று அம்பலவாணர் மார்தட்டினார்.

சாயங்காலம் கோழி வந்தது. ராஜா ஒரு வாய் கடித்தான், உடனே துப்பினான்.

"பக்குவத்தில் குறையில்லை மகாராஜா, சமைத்த கை சரியில்லை!" என்று அம்பலவாணர் குதித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்புறத்திலிருந்து கமகமவென்று வாசனை. ராஜா எழுந்து மூக்கு போன வழியே போனான், பின்னாலேயே அம்பலவாணரும். அங்கே செங்கமலம் தணலில் இன்னொரு கோழியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் வேண்டாமென்ற பூண்டா இது?"

"வேண்டாம்னது உங்க கோழிக்கு. இது என் ராச்சாப்பாடு. என் வயித்துக்கும் சேர்த்தா உத்தரவு போட்டீங்க?"

ராஜாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஒரு காலைப் பிய்த்துத் தின்றான். "அதே கைதானே சமைத்தது!" என்று திரும்பி அம்பலவாணரை முறைத்தான். "உள்ளே இருப்பது உம்முடைய பக்குவம் அல்லவா? எலும்புவரை நீரே தின்று தீர்த்துவிடும்!"

பிறகு செங்கமலத்திடம், "என்ன வேண்டும், கேள்," என்றான்.

"சபையிலேர்ந்து ஒருத்தரும் என் அடுப்படிக்குள்ள வரக் கூடாது."

"நானுமா?"

"முதல்ல நீங்கதான், மகாராஜா!"

வாய் நிறையக் கோழியை வைத்துக்கொண்டு ராஜா தலையாட்டினான். அந்த நாட்டில் அதன்பிறகு ராஜா முதற்கொண்டு எல்லாரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டார்கள்.