வாய் திறக்காத வேலை

ஒரு ஊர்ல ஒரு பேச்சுக்காரர் இருந்தாரு, பேரு பத்ரசர்மா. குளிக்கும்போது ஆத்தோட பேசுவாரு, சாப்பிடும்போது குழம்போட பேசுவாரு. சளசளசளன்னு... ம் சொல்லு.

அந்த ஊர்ல மழையே இல்ல. கொளம் காஞ்சு, தவளைகூட எங்கியோ போயிடுச்சு. அப்போ எல்லாரும் சேந்து யாகம் பண்ணலாம்னாங்க. யாகத்துக்கு நாலு பேர் வேணும். ஒருத்தர் மந்திரம் சொல்லுவாரு. ஒருத்தர் பாடுவாரு. ஒருத்தர் நெருப்புல நெய் விடுவாரு. நாலாவது ஆளுக்கு என்ன வேலை தெரியுமா? சும்மா உக்காந்து கேக்கணும்! மத்தவங்க தப்புப் பண்ணா மட்டும் திருத்தணும். வீணா ஒரு வார்த்தை பேசினாலும் யாகம் கெட்டுப்போயிடும்.

மூணு பேர் வேலையும் முழுசாத் தெரிஞ்சவர் பத்ரசர்மா மட்டுந்தான். அதனால நாலாவது ஆளா அவரையே உக்காரச் சொன்னாங்க.

"அவரா? யாகம் வெளங்குனாப்லதான்!"னு சிரிச்சாரு மந்திரம் சொல்ற அருணசர்மா. பத்ரசர்மா பொண்டாட்டி மாலதி மட்டும், "உங்களால முடியும், போயிட்டு வாங்க"ன்னா.

அப்புறம் யாகம் ஆரம்பிச்சுது. நெருப்பு சடசடன்னு எரியுது. அப்போ பத்ரசர்மா மூக்கு மேல ஒரு ஈ. ஙொய்ங்ங்... மூக்கச் சுளிச்சாரு. பேசல.

அப்புறம் ஒரு ஆட்டுக்குட்டி வந்து அவரோட மேல்துண்ட கறுக் கறுக்னு மென்னுது. "அடச்சீ!" நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அப்படியே முழுங்கிட்டாரு. பேசலியே!

அப்புறம்... கேக்குறியா? அருணசர்மா கடகடன்னு சொல்லிட்டே வந்தவரு, மழையக் கூப்பிடுற மந்திரத்தையே விட்டுட்டுத் தாண்டிட்டாரு! யாருக்கும் தெரியல. பத்ரசர்மா பேசினா, 'பாத்தியா, வாய அடக்க முடியல'ம்பாங்க. பேசலேன்னா மழை வராது. கண்ண மூடிட்டு, "நில்லுங்க. மழை மந்திரம் விட்டுப்போச்சு"ன்னாரு.

"ஐயோ, பேசிட்டாரு! பேசிட்டாரு!"ன்னு ஊரே கத்துச்சு.

அருணசர்மாவுக்கு முகம் செவந்துபோச்சு. அப்புறம் மெதுவா, "ஆமா, விட்டுட்டேன். நல்லவேளை, நீங்க இருந்தீங்க"ன்னு சொல்லி, விட்ட எடத்துலேர்ந்து திரும்பச் சொன்னாரு.

சொல்லி முடிக்கல, டம டம டம! சொட்டு... சொட்டு... அப்புறம் சோன்னு மழை! நெருப்பு அணையாம அதுக்கு மேல பனை ஓலையப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் நனைஞ்சுட்டே ஆடுனாங்க. அருணசர்மாவுந்தான்!

வீட்டுக்கு வந்ததும் மாலதி அவரு தலையத் துவட்டிக்கிட்டே, "என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னா.

கொர்ர்ர்...

மழை சத்தத்துல அவரு தூங்கியாச்சு. கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ண மூடு, செல்லம்.