காபிக்கடைத் தெருவுல சூசைராஜ் தூங்கின கதை

ஒரு ஊர்ல ஒரு தெரு. ஸ்டேஷனுக்குப் பின்னாடி, தண்டவாளத்த ஒட்டி, வரிசையா செங்கல் வீடுங்க. என்ன, ம் கொட்டுறியா? கொட்டணும். நீ கொட்டலன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நான் பாட்டுக்கு பாதியில நிறுத்திருவேன்.

ம். அப்படி.

அந்தத் தெரு பக்கத்துல முன்ன கரி எஞ்சின் நிக்கிற பெரிய ஷெட் இருந்துச்சு. அதுல வேலை பாத்தவங்கதான் அந்த வீடுங்கள்ல இருந்தாங்க. அப்புறம் கரி எஞ்சின் போயிருச்சு, ஷெட்டப் பூட்டிட்டாங்க, சனங்க ஒவ்வொருத்தரா வீட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. ரொம்ப நாளைக்கு தெருவுல நாயும் வேப்பஞ்சருகும்தான். அப்புறம் ஒரு நாள் பெயிண்ட் டப்பாவத் தூக்கிக்கிட்டு ஆளுங்க வந்தாங்க. ஒரு வீடு மஞ்சளாச்சு, ஒரு வீடு நீலமாச்சு. சுவத்துல எஞ்சின் படம், வாசல்ல ராந்தல் விளக்கு, உள்ள காபி மெஷின். கர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கர்ர்ர்... புஸ்ஸ்ஸ். பாத்துக்கிட்டே இருக்கும்போதே மொத்தத் தெருவும் காபிக்கடை ஆயிருச்சு. ஞாயித்துக்கிழமைன்னா திருவிழா மாதிரி கூட்டம்.

ஒரே ஒரு வீடு மட்டும் வீடாவே இருந்துச்சு. அதுலதான் ஜெசிந்தா இருந்தா. அவ புருஷன் பேரு சூசைராஜ். அவர் ரயில் டிரைவர். பொம்மை ரயில் இல்ல தங்கம், நெஜ ரயில். ஆயிரம் பேரு பின்னாடி படுத்துத் தூங்க, இவர் முன்னாடி உக்காந்து ராத்திரி முழுக்க கண்ணு சிமிட்டாம ஓட்டணும். அதனால அவருக்குப் பகல்லதான் தூக்கம். அந்தத் தூக்கம் கெட்டா என்னாகும்னு ஜெசிந்தா ஒரு தடவ கேட்டா. ரயில் ஓடுற ஓட்டத்துல சிக்னல் பச்சையா செவப்பான்னு பாக்க ஒரு நிமிஷம்கூட கெடைக்காது, அந்த நேரத்துல கண்ணு சொக்கிருச்சுன்னா அவ்வளவுதான்னு சொன்னாரு. அதுலேந்து அவர் படுத்தா இவ அடுப்படியில கரண்டிகூட கீழ விழாம பாத்துக்குவா.

ஆனா தெருவ யாரு பாத்துக்கிறது?

ஒரு ஞாயித்துக்கிழமை விடிகாலையில சூசைராஜ் வேலை முடிச்சு வந்தாரு. கண்ணு ரெண்டும் கோவப்பழம். சாயங்காலம் மறுபடி போகணும். நாலு இட்லிய சாப்பிட்டாரு, துண்ட எடுத்துக் கண்ணுல போட்டுக்கிட்டாரு, படுத்தாரு. கொர்ர்ர்... கொர்ர்ர். வாசல் பக்கத்து ரூம்லதான் காத்து வரும், அதனால அங்கதான் படுப்பாரு. தடதடன்னு கூட்ஸ் வண்டி போனாலும் எந்திரிக்க மாட்டாரு. வண்டிச் சத்தம் அவருக்குத் தாலாட்டு. மத்த சத்தம்தான் ஆகாது.

ஜெசிந்தா வாசல்ல நாற்காலி போட்டு வெங்காயம் உரிச்சா. உள்ள சாம்பார் கொதிக்கிற சத்தம் கேட்டுச்சுன்னு ஒரு நிமிஷம் எந்திரிச்சுப் போனா. திரும்பி வந்து பாத்தா, அவ நாற்காலியில ஒரு பொண்ணு. பக்கத்துல இன்னும் ரெண்டு பொண்ணுங்க. காலேஜ் பசங்க. வெங்காயத்த ஓரமா தள்ளி வெச்சுட்டு, மெனு கார்டு எங்க ஆன்ட்டின்னு கேக்குறாங்க.

இது கடை இல்லம்மா, வீடுன்னு ஜெசிந்தா தாழ்ந்த கொரல்ல சொன்னா.

அந்தப் பொண்ணு சுத்திமுத்தி பாத்துச்சு. மத்த கடையெல்லாம் வீடு மாதிரி வேஷம் போடுது, இதுதான் ஒரிஜினலா இருக்கு, வெங்காயம்கூட நெஜ வெங்காயம்னு சொல்லி சந்தோஷப்பட்டுச்சு. இன்னொண்ணு ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சுச்சு. மூணாவது வைஃபை பாஸ்வேர்டு கேட்டுச்சு. மூணும் சேந்து கலகலகலன்னு சிரிச்சுதுங்க. உள்ள கொறட்டை டக்குனு நின்னுச்சு. ஜெசிந்தாவுக்கு உயிரே இல்ல. அப்புறம் கட்டில் கிறீச்னுச்சு, அவர் பொரண்டு படுத்தாரு, கொர்ர்ர். அப்புறம்தான் இவளுக்கு மூச்சு வந்துச்சு. மூணையும் கெஞ்சிக் கூத்தாடி வெளியே அனுப்பிட்டு கேட்டச் சாத்தினா.

ம்? முழிச்சிருக்கியா? சரி.

அப்புறம் அவ யோசிச்சா. பழைய காலண்டர் அட்டை ஒண்ண எடுத்து, பெரிய எழுத்துல ‘இது வீடு’ன்னு எழுதி கேட்டுல கட்டித் தொங்கவிட்டா. இனிமே எவன் வருவான்னு உள்ள போயி கொஞ்சம் சாஞ்சா.

வந்தான். எப்படி வராம இருப்பான்? தெருவுல நீராவி, தண்டவாளம், கரித்துண்டு, அப்படியெல்லாம்தான் கடைங்களுக்குப் பேரு. ‘இது வீடு’ன்னு பாத்ததும், அட, பேரு நல்லாருக்கேன்னு போட்டோ புடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. க்ளிக், க்ளிக், க்ளிக். அந்தக் கூட்டத்துல கல்யாணம் பண்ணிக்கப்போற ஒரு பையனும் பொண்ணும், அவங்களோட ஒரு போட்டோக்காரரும். அவருக்கு அந்த செங்கச் சுவரு, பச்சை ஜன்னல் ரொம்பப் புடிச்சுப்போச்சு. கேட்டத் தெறந்தாரு. ஜோடிய ஜன்னல் பக்கத்துல நிறுத்தினாரு. மாப்ள கொஞ்சம் சிரிங்க, அம்மா தலையச் சாய்ங்கன்னு கத்துனாரு. அவரோட ஆளு ஒருத்தன் ஜோடி மேல வெளிச்சத்தத் திருப்ப, பெரிய வெள்ளித்தட்டு மாதிரி ஒரு துணி வளையத்தத் தூக்கிப் புடிச்சான். வெயில் அதுல பட்டு, பளீர்னு ஜன்னல் வழியா உள்ள போயி, நேரா எங்க விழுந்துச்சு?

சரியா சொன்ன. சூசைராஜ் மூஞ்சியில.

துண்டு எப்பவோ நழுவிப்போச்சு. அவர் கண்ணக் கசக்கிக்கிட்டு, அரைத்தூக்கத்துல, ஜெசி, மணி என்ன, விடிஞ்சிருச்சான்னு கேட்டாரு. இவ ஓடிப்போயி துண்ட மறுபடி போட்டு, இல்லைங்க, நீங்க தூங்குங்கன்னு தட்டிக் குடுத்தா. அப்புறம் தலைமுடிய அள்ளி முடிஞ்சுக்கிட்டு வெளியே வந்தா. அவ மூஞ்சியப் பாத்ததும் அந்த மாப்ளைக்குத் தானாவே சிரிப்பு நின்னுபோச்சு. அவ நேரா அந்த ஆளுகிட்ட போனா. அந்த வெள்ளித்தட்டப் புடுங்கி ரெண்டா மடக்கி அந்த ஆளு கையில குடுத்து, விரல வெளிப்பக்கம் காட்டினா. போயிட்டாங்க. போட்டோக்காரர் மட்டும் போறப்ப, ஓனருக்கு கஸ்டமர்கிட்ட பேசத் தெரியலன்னு முணுமுணுத்துக்கிட்டே போனாரு. அந்த அட்டையக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, கேட்டுக்குக் கயிறு கட்டினா ஜெசிந்தா.

அப்போ எதிர்ல இருந்து டங்! டங்! டங்!

அது என்ன சத்தம்னு கேளு. எதிர்த்த கடைக்காரன் பேரு கார்முகில், அப்பதான் கடையத் தெறந்திருந்தான். சின்ன வயசு, தாடி வெச்சவன். அவன் கடை வாசல்ல ஒரு தண்டவாளத் துண்டக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். காபி ரெடி ஆச்சுன்னா சுத்தியலால அத மூணு தடவ அடிப்பான், காபி சொன்னவங்க எந்திரிச்சு வந்து வாங்கிக்கணும். சனங்க கைதட்டி ரசிப்பாங்க. ஆனா சின்ன ஸ்டேஷன்ல எல்லாம் முன்ன வண்டி வரப்போகுதுன்னா இப்படித்தான் அடிப்பாங்க. அந்தச் சத்தம் சூசைராஜ் ஒடம்புல ஊறிப்போன சத்தம். டங்னு விழுந்ததும் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துட்டாரு. கண்ணு மூடித்தான் இருக்கு, கை மட்டும் காத்துல எதையோ தேடுது. சிக்னல் குடுத்தாச்சான்னு கேக்குறாரு.

ஜெசிந்தாவுக்கு அழுகையே வந்துருச்சு. அவர் தோளப் புடிச்சுப் படுக்க வெச்சு, இன்னும் குடுக்கலங்க, வண்டி நிக்குது, நீங்க தூங்குங்கன்னு சொன்னா. நெத்தியில கைய வெச்சுக்கிட்டே இருந்தா. அவர் மறுபடி கண்ணசந்ததும் நேரா கார்முகில்கிட்ட போனா. ஏற்கெனவே ரெண்டு தடவ போயி சொன்னவதான். இதுக்கோசரம்தான் ஆன்ட்டி தூரத்துலேந்தெல்லாம் வராங்க, நிறுத்துனா கடைக்கு என்ன இருக்குன்னு அவன் ரொம்ப மரியாதையா சொன்னான். மரியாதையா சொல்லிட்டு மறுபடி அடிச்சான். டங்.

இவ தலையில கைய வெச்சுக்கிட்டே திரும்பி வந்தா. வந்து பாத்தா கேட்டுக் கயிறு அவுந்து கெடக்கு. வாசல்ல ஒரு குடும்பமே உக்காந்திருக்கு. சேலத்துலேந்து வந்த தண்டபாணின்னு ஒருத்தர், அவர் பொண்டாட்டி, மச்சினன், மச்சினன் பசங்க, தண்டபாணியோட வயசான அம்மா. எல்லாக் கடையும் நெரம்பி வழியுது, அம்மாவால வெயில்ல நிக்க முடியல, இங்க நிழலா இருக்கேன்னு வந்துட்டாங்க. தண்டபாணி கதவத் தட்டுறாரு. டக் டக் டக். உள்ள யாரும் இல்லையா, எல்லாருக்கும் ஃபில்டர் காபிங்கிறாரு. ஒண்ணு சக்கரை இல்லாமங்கிறாரு. மறுபடி டக் டக் டக்.

ஜெசிந்தாவுக்கு கோவம் எல்லாம் தீந்துபோச்சு. ஒரு ஆளு எவ்வளவுதான் கோவப்பட முடியும்? அவ தண்டபாணிகிட்ட, “உள்ள வாங்கண்ணே. செருப்பக் கழட்டிட்டு, சத்தம் போடாம வாங்க”ன்னா.

அவர் உள்ள ஏசி ஹால் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டு வந்தாரு. அவ ரூம் திரைய லேசா வெலக்கிக் காட்டினா. கட்டில்ல சூசைராஜ். கண்ணுல துண்டு, வாயி லேசாத் தெறந்திருக்கு, கைய நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு பச்சப்புள்ள மாதிரி தூங்குறாரு. ஆணியில டூட்டி சட்டை தொங்குது.

“இவர்தான் சாயங்காலம் ரயில் ஓட்டணும். காலையிலேந்து மூணு தடவ எழுப்பிட்டாங்க. நீங்களும் எழுப்பணும்னா எழுப்பிருங்கண்ணே, என்னால முடியல.”

தண்டபாணி அந்தச் சட்டையப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, “எந்த வண்டிம்மா?”ன்னு கேட்டாரு.

சேலம் போற வண்டின்னா.

அவர் வாசல்ல இருந்த குடும்பத்தத் திரும்பிப் பாத்தாரு. “அதுலதான் நாங்க எல்லாரும் போறோம்.”

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? அவர் நுனிக்கால்ல வெளியே போனாரு. அதே நேரம் எதிர்ல கார்முகில் சுத்தியலத் தூக்குறான். தண்டபாணி குடுகுடுகுடுன்னு ஓடி, அந்தத் தண்டவாளத் துண்ட ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. அது ஆடுது, இவரும் அதோட சேந்து ஆடுறாரு.

“தம்பி, அடிக்கணும்னா என் முதுகுல அடி”ன்னாரு.

கார்முகில் தெகச்சுப்போயி நின்னான். கடையில உக்காந்தவங்க எல்லாம் எந்திரிச்சுப் பாத்தாங்க. தண்டபாணி தண்டவாளத் துண்ட விடாமலே, சாயங்காலம் சேலம் வண்டியில யாரெல்லாம் போறீங்கன்னு கேட்டாரு. ஒரு கை மேல போச்சு. அப்புறம் ரெண்டு. அப்புறம் பாதிக் கடை. அந்தக் காலேஜ் பொண்ணுங்க மூணும் அங்கதான் இருந்துச்சுங்க, அதுங்களும் கையத் தூக்குச்சுங்க. அந்த வண்டிய ஓட்டப்போறவர் அந்த வீட்டுக்குள்ள தூங்க முடியாம கெடக்குறாருன்னு சொன்னாரு பாரு, ஈ பறந்தா கேக்கும், அப்படி ஆயிருச்சு.

கார்முகில் சுத்தியலப் பாத்தான், அந்தக் கைங்களப் பாத்தான். டிரைவர்னு நீங்க சொல்லவே இல்லையே ஆன்ட்டின்னான். ரெண்டு தடவயும் சொன்னேன், நீ கேக்கலன்னா ஜெசிந்தா. அவன் தலையச் சொறிஞ்சுக்கிட்டே சுத்தியல உள்ள வெச்சுட்டு, காபித் தட்டத் தானே தூக்கிக்கிட்டு மேசை மேசையாப் போனான்.

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சா ஜெசிந்தா. எங்க? தண்டபாணி தெருவுக்கே காவல்காரர் ஆயிட்டாரு. யாராவது தும்முனாகூட உஷ்ஷ்ஷ்ங்கிறாரு. பைக் வந்தா நடுத்தெருவுல நின்னு உஷ்ஷ்ஷ்ங்கிறாரு. அந்த உஷ்ஷ்ஷ் பிரஷர் குக்கர் மாதிரி இருக்கு. ஜெசிந்தா ஓடிப்போயி, அண்ணே, நீங்கதான் இப்ப தெருவுலயே பெரிய சத்தம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. திரும்பினா, அவரோட அம்மா வாசல் நாற்காலியிலயே தூங்கிட்டாங்க. கொர்ர்ர்... கொர்ர்ர். வெளியே அந்தம்மா, உள்ள சூசைராஜ், ரெண்டு கொறட்டையும் மாத்தி மாத்தி. சரி போன்னு ஜெசிந்தா பால அடுப்புல வெச்சு எல்லாருக்கும் காபி போட்டா. குடிச்சுட்டு தண்டபாணி ரகசியமா சொன்னாரு, “டிகாஷன் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கலாம்மா.” அவ காலி டம்ளர வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

ம்? கேக்குதா?

வெயில் தாழ, சூசைராஜ் தானா கண்ணு முழிச்சாரு. குளிச்சாரு, சட்டையப் போட்டாரு, ஆளே புதுசா வந்து நின்னாரு. வாசலப் பாத்தாரு. தண்டபாணி குடும்பம் ஸ்டேஷனுக்குப் போயிருச்சு. தெரு அமைதியா இருக்கு.

“ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்குனேன் ஜெசி. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இன்னிக்கு தெருவுல கூட்டமே இல்ல போலருக்கே?”

ஜெசிந்தா அவரப் பாத்தா. காலையிலேந்து நடந்தது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. அப்புறம் அவரோட கண்ணப் பாத்தா. வெள்ளை வெளேர்னு, செவப்பே இல்லாம தெளிஞ்சிருந்துச்சு.

“ஆமா, ஒரு ஈ காக்கா இல்ல. கெளம்புங்க”ன்னு சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய எடுத்துக் கையில குடுத்தா.

அவர் போனாரு. கூஊஊ... தடக் தடக், தடக் தடக்னு வண்டி கெளம்புச்சு. வண்டிக்குள்ள தண்டபாணி தூங்கிட்டாரு, அவர் அம்மா தூங்கிட்டாங்க, அந்தப் பொண்ணுங்க மூணும் தூங்கிருச்சுங்க. காலையிலேந்து அவரத் தூங்கவிடாம அடிச்சவங்களே இப்ப அவர நம்பித் தூங்கிட்டாங்க. அவர் மட்டும் கண்ண நல்லாத் தெறந்து முன்னாடி பாத்துக்கிட்டுப் போறாரு. பச்சை... பச்சை... பச்சை...

ம் சொல்லு.

சொல்ல மாட்டியா. சரி. வண்டியும் போயிருச்சு, கதையும் அதுல ஏறிப் போயிருச்சு. தூங்கு.