டம்ளர் இருந்த இடம்

"எட்டு நாளாச்சு, டீச்சர். என்னை இன்னும் ஏன் மேல விடமாட்டேங்கிறிய?"

கேட்டவர் சுடலையாண்டி. தென்காசிப் பக்கம் செல்போன் டவர் ஏறுகிறவர். இருபத்திரண்டு வருடமாக யாரோ அடித்துவைத்த இரும்புப் படியிலேயே ஏறி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. படியே இல்லாத ஒன்றில் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் மூன்று வாரம் லீவு போட்டு, ஸ்பிதி பள்ளத்தாக்கில் உறைந்து நிற்கும் இந்த அருவிக்கு வந்திருந்தார்.

அருவி இரண்டு அடுக்கு. கீழடுக்கில் பயிற்சி. மேலிருந்து கனமான கயிறு ஒன்று இடுப்புக்கு வரும், அதன் மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்திருப்பார். மேலடுக்குதான் நிஜமான ஏற்றம். நாளை மறுநாள் அவர் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

டீச்சர் செசிலி குன்னூர்க்காரி, அவரைவிடப் பத்து வயது இளையவள். பேச்சு கம்மி. டீ அதிகம்.

"நீங்க சாயுறீங்க, அண்ணே," என்றாள்.

அது உண்மைதான்.

ஏறுகிறவரின் இரண்டு கையிலும் இரண்டு பனிக்கோடரி. ஒவ்வொரு கோடரியின் அடியிலிருந்தும் இடுப்புப் பட்டைக்கு ஒரு வார், இழுத்தால் ரப்பர் போல நீளும். டவரில் சுடலையாண்டி பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஹாயாகப் பின்னால் சாய்ந்துதான் வேலை பார்ப்பார். அந்தப் பழக்கம் அவர் இடுப்பை விட்டுப் போகவில்லை. கை அசந்தால் போதும், இங்கேயும் வாரை நம்பிச் சாய்ந்துவிடுவார். முந்தாநாள் அப்படிச் சாய்ந்தபோது கோடரி பனியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து அவர் தாடையைப் பதம் பார்த்தது. பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருந்தது.

"இந்த வாரு ஆளைத் தாங்காதோ?"

"தாங்காது."

"ஒரு நிமிசம்கூடவா?"

"ஒரு நிமிஷத்தை நம்பி ஏறுவீங்களா?"

"பிறகு என்னத்துக்கு இதைக் கட்டுதோம்?"

செசிலி டீயை உறிஞ்சினாள்.

"வேண்டாம்னா கழட்டிருங்க."

சுடலையாண்டிக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று கழற்றிப் பையின் மேல் எறிந்தார். ஆளைத் தாங்காத கயிறு இருந்தால் என்ன, போனால் என்ன.

செசிலி எழுந்தாள். பாதி டீயோடு டம்ளரைப் பனிச்சுவரின் அடியில், அவர் ஏறப்போகும் இடத்துக்கு நேர் கீழே வைத்தாள். அம்மா கொடுத்துவிட்ட எவர்சில்வர் டம்ளர், அவள் பேர் வெட்டியது. பிறகு கயிறு பிடிக்கும் நோர்புவையும் அழைத்துக்கொண்டு நன்றாகப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றாள்.

"ஏறுங்க, அண்ணே."

ஏறினார். ரோஷம் ஏற்றியது. சாய எதுவும் இல்லாததால் சாயவும் இல்லை. காலை ஊன்றி, கோடரியைப் பார்த்து அடித்து, முக்கால் உயரம் வந்துவிட்டார். இத்தனை நாளில் இப்படி ஏறியதே இல்லை. மனசுக்குள் ஒரு பாட்டே ஓடியது.

இடது கை விறைத்தது. உதறிக்கொள்ளலாமென்று கோடரியை விட்டார்.

அது சரியாகப் பதிந்திருக்கவில்லை.

கீழே டங்கென்று கேட்டது.

நோர்பு அவரை மெதுவாக இறக்கினான். இறங்கி வந்து பார்த்தால் பனியில் டீ பழுப்பாகப் பரவியிருந்தது. டம்ளர் ஒரு பக்கம் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் மிச்சம்.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க, டீச்சர்."

"டவர்ல உங்க ஸ்பேனர் இப்படி விழுமா?"

"அது எப்படி விழும்? இத்தனை வருசத்துல ஒரு தடவை விழுந்ததில்ல. ஸ்பேனருக்குச் சின்னக் கயிறு போட்டு மணிக்கட்டுல கட்டாம நான் எவனையும் ஏறவிட மாட்டேன்."

"அந்தக் கயித்துல தொங்குவீங்களா?"

சுடலையாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஸ்பேனர் கயித்துல எவனாவது தொங்குவானா? அது எனக்கா கட்டுதது? கீழ நிக்க ஆளுக்குல்லா..."



டம்ளரைப் பார்த்தார். அது இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

பைக்கு நடந்து போய் வாரை எடுத்தார். முறுக்கு விழாமல் நீவி, இடுப்பில் மாட்டி, இரண்டு கொக்கியையும் கோடரிகளில் பூட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் மறுபடி ஏறினார்.

அதே இடத்தில் அதே கை விறைத்தது. வலது கோடரியை ஆழமாக அடித்துப் பதித்தார். எடையைக் காலுக்குக் கொடுத்தார். பிறகுதான் இடது கையை உதறினார். வார் இரண்டும் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தன.

உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கி வந்தபோது செசிலி அடுப்பில் அடுத்த டீ வைத்திருந்தாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே போகலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. அதைக் கேட்கவில்லை.

"மேலடுக்குல கயிறு பிடிக்கவங்க நிக்க எம்புட்டு இடம் உண்டு, டீச்சர்?"

"ரெண்டு கால் வைக்கலாம்."

"தள்ளி ஒதுங்க?"

"இடமில்ல."



"அங்க ஏறுதவனுக்குக் கீழ யாரு நிப்பா?"

செசிலி நசுங்கிய டம்ளரில் டீயை ஊற்றினாள். பாதிதான் பிடித்தது.

"நான்தான். காலையில ஆறு மணிக்கு ரெடியா இருங்க, அண்ணே."