உலர்ந்த அரிசி

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பரிசாகக் கொடுத்த யானையை மாலையில் திருப்பிக் கேட்கிற ரகம். அவன் சபையில் ஏகாம்பரநாதர் என்று ஒருவர். முகத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடுவாராம். மந்திரி தில்லைமூர்த்தியின் பெயரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள், மந்திரி ஊரில் இல்லாத நேரத்தில், ராஜாவின் ரத்தினப் பதக்கம் காணாமல் போனது.

"குடை பிடிக்கிற சடையாண்டிதான் மகாராஜா. கூடிய புருவம், ஒடுங்கிய நெற்றி. பிறவித் திருடன்," என்றார் ஏகாம்பரநாதர்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகத்துக்கு ஆளானவன் வாயில் பச்சரிசியைப் போட்டு, மென்று இலையில் துப்பச் சொல்வார்கள். உலர்ந்து வந்தால் குற்றவாளி. சடையாண்டியின் பக்கத்தில் வெட்டரிவாளோடு ஒருவனை நிறுத்தி அரிசியைத் திணித்தார்கள். பாவம், உலர்ந்த மாவாகத் துப்பினான். உச்சிவேளையில் அவன் வலது கையை வெட்டச் சொல்லி ராஜா உத்தரவு போட்டுவிட்டான்.

சேதி கேட்டு ஓடிவந்தார் தில்லைமூர்த்தி. "பதக்கத்தைத் தேடினீர்களா?"

ஒருவரும் தேடவில்லை. திருடன்தான் கிடைத்துவிட்டானே, எதற்குத் தேடுவது!

மந்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருவம் கூடியிருக்கிறதென்று உழைத்துச் சாப்பிடுகிறவன் கையை வெட்டுவார்களாம். இதற்குப் பெயர் நீதியாம்! கோபத்தை விழுங்கிக்கொண்டு, "சோதனை அருமை. அப்படியே இன்னும் இரண்டு பேருக்கும் நடத்தலாமா மகாராஜா?" என்றார்.

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். "நடத்தும்," என்றான்.

சிறையிலிருந்து காத்தவன் என்ற பழந்திருடனைக் கூட்டிவந்தார்கள். ஊரறியச் சுவரில் கன்னம் வைத்துத் திருடியவன். அரிவாளைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். மென்ற அரிசியைத் துப்பக்கூட இல்லை, விழுங்கிவிட்டான். "நல்ல அரிசிங்க சாமி. இன்னுங் கொஞ்சம் கெடைக்குமா?"

"அடுத்து நீங்கள்," என்று மந்திரி ஏகாம்பரநாதரிடம் திரும்பினார். "உலர்ந்து வந்தால் உங்கள் கையும் போகும். சம்மதம்தானே மகாராஜா?"

"சம்மதம்," என்றான் ராஜா.

அரிவாள்காரன் ஓரடி நெருங்கினான். ஏகாம்பரநாதர் மென்றார், மென்றார். இலையில் விழுந்தது வெள்ளை மாவு.

"ஐயோ மகாராஜா, நான் எடுக்கவில்லை! பயத்தில் நாக்கு வறண்டுவிட்டது!"

"சடையாண்டிக்கு மட்டும் பயமே இருக்காதா?" மந்திரியின் குரல் மண்டபத்தை அதிரவைத்தது. "பழகிய திருடனுக்கு எச்சில் ஊறுகிறது, தப்பே செய்யாதவனுக்கு வறள்கிறது. நீர் அளந்தது குணத்தை அல்ல, பயத்தை. அந்தப் பயத்தை உண்டாக்கியதும் நீர்தான்."

பிறகுதான் அரண்மனையைத் தேடினார்கள். ராஜா வேட்டைக்குப் போர்த்திப் போன சால்வையின் இழையில் பதக்கம் மாட்டிக்கொண்டு கிடந்தது.

ராஜாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "இனி என் குடையை நீர் பிடியும்," என்று ஏகாம்பரநாதரிடம் சொன்னான். பிறகு சடையாண்டியின் கட்டை அவிழ்க்கச் சொல்லி, "என்ன வேண்டுமானாலும் கேள். தருகிறேன்," என்றான்.

சடையாண்டி உதட்டில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தான்.

"ஒரு வாய் தண்ணி, மகாராஜா."

ராஜாவே எழுந்து போய் மொண்டு வந்து கொடுத்தான். அன்றிலிருந்து அந்த நாட்டில் அரிசியை உலையில் போட்டார்களே தவிர, யார் வாயிலும் திணிக்கவில்லை.