குழலை அமுக்கியது யார்?

“நிறுத்துங்கய்யா!” என்று புல்லாங்குழலை ஆட்டிக்கொண்டு கத்தினான் நாகமுத்து. குழலே கேட்காத இடத்தில் குரலா கேட்கும்? பாட்டு முடிந்த பிறகுதான் மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னப்பா, நல்லாத்தானே வாசிச்சே?” என்றார் தவில் சின்னக்கண்ணு.

“கேட்டுச்சா?”

“இல்ல. நீ நல்லா வாசிச்சிருப்பேன்னு ஒரு நம்பிக்கைதான்.”

நாகமுத்துவுக்கு அழுகை வந்தது. மணப்பெண் அன்னமயில் அவன் அக்கா மகள். தாய்மாமன் குழல் காதில் விழுந்தால்தான் தாலிக்குத் தலை குனிவேன் என்று சொல்லிவிட்டாள். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. இருந்த ஒரே மைக்கும் ஐயருக்கு.

மைக்செட்காரர்தான் இரக்கப்பட்டு யோசனை சொன்னார். “ஒவ்வொருத்தரா நிறுத்திப் பாருங்க. யாரு குழலை அமுக்குறாங்கன்னு தெரிஞ்சிடும்.”

மண்டபத்துக்குப் பின்னால், சாம்பார் அண்டாக்களுக்கு நடுவே விசாரணை தொடங்கியது. முதலில் சின்னக்கண்ணு நிறுத்தினார். பம்பையும் நாயனமும் முழங்கின. குழல் கேட்கவில்லை. ஆகவே தவில்மேல் தப்பில்லை. சின்னக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அடுத்து பம்பை வெள்ளையப்பன் நிறுத்தினான். தவிலும் நாயனமும் முழங்கின. அவனும் நிரபராதி. நாயனம் ஒச்சப்பனும் அப்படியே விடுதலையானார்.

“அப்ப மிச்சம் நீதான்” என்றார்கள்.

நாகமுத்து நிறுத்தினான். மேளம் கணீரென்று கேட்டது.

“பாத்தியா! இத்தனை நாளா நீதான்யா எங்களை அமுக்கிட்டு இருந்திருக்கே” என்றார் ஒச்சப்பன் வருத்தத்தோடு.

நாகமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

“விடு, வேணும்னேவா செஞ்சே?” என்றான் வெள்ளையப்பன். “ஆனா பொண்ணு குனியணுமே.”

சின்னக்கண்ணு வெகுநேரம் யோசித்தார். “சத்தம் எங்க கேக்குது? காதுலதானே? அங்க அடைச்சா போச்சு.”

விளக்குத்திரிக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்து நான்கு பேரும் காதில் திணித்துக்கொண்டார்கள். அடித்துப் பார்த்தார்கள். சத்தம் பாதிக்குமேல் குறைந்திருந்தது. எல்லாருக்கும் பரம திருப்தி.

மணவறையில் ஐயர் “கெட்டிமேளம்!” என்றார். பிறகு மைக்கைப் பிடித்து அலறினார். என்னவோ இரைச்சலாக இருக்கிறதே என்று வெள்ளையப்பன் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொண்டான். ஐயர் எப்போது சொல்வாரோ என்று மூன்று பேரும் அவரையே பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேளம் தொடங்குமுன் முந்திக்கொள்ள வேண்டும் என்று நாகமுத்து மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். மண்டபமே அடங்கிப் போயிற்று. அன்னமயில் தலை குனிந்தாள். தாலி ஏறியது.

நாகமுத்துவுக்குத் தன் குழல் தனக்கே சரியாகக் கேட்கவில்லை. பாவிகள், இன்னும் அமுக்குகிறார்கள். கண்ணைத் திறக்காமலே ஒரு கையை எடுத்து, கொஞ்சம் குறை என்று சின்னக்கண்ணு பக்கம் சைகை காட்டினான்.

சும்மா உட்கார்ந்திருந்த சின்னக்கண்ணு தலையாட்டிவிட்டு, தவில் குச்சியைச் சத்தம் வராமல் பாயில் வைத்தார்.