வெற்றிலை போடாத நாக்கு

முன்னொரு காலத்திலே முத்தூர்ப்பட்டினத்தைக் கோதைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கப்பலில் வரும் யவனர்களின் சிவப்பு மது என்றால் அவனுக்கு உயிர். மாதம் ஒருநாள் பிரதானிகளைக் கூட்டி, ஜாடி ஜாடியாகத் திறந்து, இது எந்தத் தீவுத் திராட்சை, அது எத்தனை வயது என்று வாய் வலிக்கப் பேசுவான். அவன் சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள். தலைமேல் ஆசை யாருக்குத்தான் இல்லை?

போன மாதம் மது துவர்த்தது. "மதுச்சாலைக்காரன் கடுக்காய்த் தண்ணீரைக் கலந்து ஏய்த்திருக்கிறான்" என்றார் பிரதானிகளில் ஒருவரான வில்லவராயர். மதுச்சாலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிவிட ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த மனிதர். ராஜா விசாரிக்கவே இல்லை. மதுச்சாலைக்காரன் சேந்தன் தலை போயிற்று. ஜாடி முத்திரைகள் தெரிந்த வேறு ஆள் கிடைக்காததால் அவன் மனைவி நங்கையையே வேலைக்கு வைத்தார்கள். அவளும் வந்து ஜாடிகளைத் திறந்தாள். பிள்ளைக்குச் சோறு போடவேண்டுமே.

இந்த மாதமும் துவர்த்தது.

"புருஷன் புத்தி அப்படியே இருக்கிறது பாருங்கள்!" என்று சிரித்தார் வில்லவராயர். ராஜா கையசைத்தான். கொலையாள் மாடன் வாளோடு முன்னே வந்தான்.

நங்கை நிமிர்ந்து பார்த்தாள். எதிரே வரிசையாகச் சிவந்த வாய்கள். ருசி பார்க்குமுன் ராஜா தானும் போட்டுக்கொண்டு, தன் கையால் எல்லாருக்கும் தாம்பூலம் கொடுப்பது போன மாதம் வில்லவராயர் தொடங்கிவைத்த வழக்கம். பாக்கு அவர் ஊர்ப் பாக்கு, பச்சைத் துவர்ப்பு. ராஜாவின் நாக்கிலேதான் கோளாறு என்று சொன்னாலும் தலை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

"மகாராஜா, சாகப்போறவ கேக்கறேன். இந்தச் சபையில உங்க கையால தாம்பூலம் வாங்காதவங்க யாராவது உண்டா?"

"ஒருவரும் இல்லை. கொலையாள் ஒருவன்தான். அவனுக்கு யார் வெற்றிலை கொடுப்பார்கள்?"

"அப்ப அவரு குடிச்சுப் பார்க்கட்டும்."

சபை சிரித்தது. "தலை வெட்டுகிறவனுக்கு மதுவின் தராதரம் தெரியுமோ?" என்றார் வில்லவராயர்.

"தராதரம் வேண்டாம் சாமி. துவர்க்குதா இனிக்குதான்னு சொன்னாப் போதும்."

ராஜாவுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை வந்தது. மாடன் ஒரு மிடறு குடித்தான்.

"இனிக்குதுங்க மகாராஜா."

"பொய்!" என்று துள்ளினார் வில்லவராயர்.

"மகாராஜா மோர் விட்டு வாயைக் கொப்பளிச்சு, ஒரு நாழிகை பொறுத்து நீங்களே பாருங்க. அப்பவும் துவர்த்தா வெட்டச் சொல்லுங்க" என்றாள் நங்கை.

ராஜா கொப்பளித்தான், பொறுத்தான், குடித்தான். முகம் வெளுத்துப்போனது. மது தேனாய் இனித்தது.

"போன மாசமும் இனிப்பாத்தான் இருந்துச்சு" என்றான் மாடன். "சேந்தன் கடைசியா ஒரு வாய் கேட்டாரு. பாதியை எனக்குக் கொடுத்தாரு."

"அடப்பாவி, ஏன் சொல்லவில்லை?"

"என்னை யாரும் கேக்கலைங்களே."

நங்கை அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வில்லவராயரைத் தலையில் பாக்கு மூட்டையோடு ஊரைவிட்டு ஓட்டினார்கள். ராஜா தன் கங்கணத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.

"வாயைக் கொப்பளிச்ச மாதிரி அந்தத் தீர்ப்பையும் துப்புங்க. என் புருஷன் கலப்படக்காரன் இல்லேன்னு உங்க வாயாலயே தெருத்தெருவாச் சொல்லுங்க."

ராஜா மறுக்கவில்லை. கிரீடத்தைக் கழற்றிவிட்டு முரசுக்குப் பின்னால் நடந்தான். "சேந்தன் ஒரு தப்பும் செய்யவில்லை!" என்று தெருவுக்குத் தெரு தானே கூவினான். சேந்தன் வீட்டு வாசலில் அதைக் கேட்டு அவன் நாலு வயதுப் பெண் ஓடிவந்தாள்.

"தப்பு செய்யலைன்னா எங்கப்பாவை எப்ப விடுவீங்க?"

ராஜா என்ன பதில் சொன்னான் என்று முத்தூர்ப்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார்கள்.