இல்லையென்றால் உருவாக்கு

குருவுக்கு வயது முப்பது. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரு சீடரை அண்ணே என்பாள். சீடர் குருவை டீச்சர் என்பார். கல்லாமுனைக் கரையில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளில்லை. அந்தக் காற்று வருகிறவரைக்கும் சிரித்தார்கள்.

குருவின் பேர் ஸ்தெல்லா. டவுனில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, சின்னச் சின்ன மிஷினுக்குள் ஓடுகிற புரோகிராம் எழுதுகிறவள். சீடர் தார்சியுஸ். பாதி ஆயுசு கடலில் கிடந்தவர். விசைப்படகில் கயிறு சுற்றுகிற வின்ச்சில் வலது கை மாட்டியது. விரல் போனது. கடலும் போனது.

மீனவர் சங்கம் பாவம் பார்த்து அவரைக் கரைப்பெட்டிக்குக் காவல் வைத்தது. பெட்டி ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. மீன் ஏலம் போடுகிற கூடத்தில், தூணில் மாட்டிய ஒரு சின்னக் கம்ப்யூட்டர், ஒரு திரை, ஒரு விளக்கு. கடலுக்குப் போகிறவன் தன் படகு நம்பரை அமுக்கிவிட்டுப் போவான். திரும்பி வந்தவன் மறுபடி அமுக்குவான். இன்னும் எத்தனை படகு கடலில் என்று திரையில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்தால் பெட்டி வேலை செய்கிறது. சிவப்பு எரிந்தால் இல்லை. அமுக்காமல் ஒரு படகும் போகக் கூடாது என்பது சங்கத்துச் சட்டம்.

சும்மா காவல் இருந்துவிட்டுச் சம்பளம் வாங்கியிருக்கலாம். அவருக்கு அது முடியவில்லை. டவுனுக்கு பஸ் ஏறி, பெட்டிக்குப் புரோகிராம் எழுதிய ஸ்தெல்லா முன்னால் போய் நின்றார்.

"அது வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லிக்குடுங்க."

"என்னத்துக்குண்ணே?"

"காவக்காரனுக்கு வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாண்டாமா?"

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உள்ள ஒரு டேட்டாபேஸ் இருக்கு. எல்லாத்தையும் அதுதான் ஞாபகம் வெச்சிருக்கும்."

"அது பெரிய ஆபீஸ்ல, ஏசி ரூம்ல இருக்கும்னுல்லா சொல்லுதானுவ."

"இது வேற ஜாதி. தனியா ஆபீஸ் போட்டு உட்காராது. நம்ம புரோகிராமுக்குள்ளயே குடியிருக்கும். நாம திறந்தாத் திறக்கும், மூடினா மூடும். அதுக்குப் பாவம், நம்மள விட்டா வேற நாதி கிடையாது."

"திறக்கது எப்படி?"

"திறக்கதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பேசிரணும். உன் வீடு இந்த ஃபோல்டர். இவ்வளவு மெமரி எடுத்துக்கோ. போன தடவை பாதியில கரண்ட் போயி விழுந்திருந்தா, எந்திரிச்சு முதல்ல உன்னைச் சரி பண்ணிக்கோ. எல்லாம் முன்னாடி. திறந்த பிறகு சொன்னா காதுல வாங்காது."

"கல்யாணத்துக்கு முன்னாடி பேசுற மாதிரி."

"அண்ணிகிட்டச் சொல்லவா?"

அவர் கும்பிட்டார். பிறகு கேட்டார்: "சொன்ன இடத்துல வீடு இல்லேன்னா?"

"அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. இல்லையென்றால் உருவாக்கு. அதைச் சேர்த்துச் சொன்னா, வீடு இல்லாத இடத்துல புதுசா ஒண்ணு கட்டிட்டு உள்ள போய் உட்கார்ந்துக்கும். முதல் நாள் அது வேணும். வீடு கட்டினதும் அந்த வார்த்தையை எடுத்துருங்க."

"எடுக்கலேன்னா?"

"எடுத்துருங்கண்ணே."

அவ்வளவுதான் பாடம். அவரும் எடுத்துவிட்டார். அதில் பொய் இல்லை.

பெட்டியின் வீடு ஒரு மெமரி கார்டில் இருந்தது. கடற்கரையில் எதுதான் ஒழுங்காக இருக்கும்? உப்புக்காற்று பட்டு, கார்டு செருகுகிற இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியது. திடீர் திடீரென்று தொடுப்பு விட்டுப்போகும். வீட்டைக் காணோம் என்று பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும். அதுவும் விடிகிற நேரத்தில். ஐஸ் கரைகிற நேரத்தில்.

"வேய் தார்சியுசு, இன்னைக்கு உம்ம பெட்டிக்கு என்ன, காய்ச்சலா, பேதியா?"

"இருங்கடே, கார்டைத் தொடச்சுப் போடுதேன்."

"நீரு தொடச்சு முடிக்கதுக்குள்ள மீனெல்லாம் இலங்கைக்குப் போயிரும்."

"டவுன்ல போய் படிச்சிட்டு வந்தாராம். பொம்பளப் பிள்ளைகிட்ட."

"பாதிக் கையால திறந்தா பாதிதான் திறக்கும், விடுங்கலே."

கடைசியாகச் சொன்னவன் யார் என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு மத்தியானம், கூடம் காலியாக இருந்தபோது, அந்த வார்த்தையைத் திரும்ப எழுதிச் சேர்த்தார். இல்லையென்றால் உருவாக்கு. கார்டு அசையாமல் இருக்க ஒரு தாளை மடித்து முட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சிவப்பு விளக்கே எரியவில்லை. தாள் கார்டைப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் நம்பரை அமுக்கினார்கள், போனார்கள், வந்தார்கள். "டீச்சர் புண்ணியத்துல பெட்டி தேறிட்டுது" என்று ஒருவன் டீ வாங்கிக் கொடுத்தான். பாதிக் கை என்று சொன்ன அதே ஆள். தார்சியுஸ் வாங்கிக் குடித்தார்.

பிறகு காற்று வந்தது.

வானிலைக்காரர்கள் அதைச் சொல்லவில்லை. மத்தியானம் தெற்கே ஒரு கறுப்புத் தெரிந்தது. சோற்றில் கை வைத்தவன் கையைக் கழுவுவதற்குள் மணல் முகத்தில் அறைந்தது. வெளியே இருந்த படகெல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தது. வந்தவன் கூடத்துக்கு ஓடி நம்பரை அமுக்கிவிட்டு, படகை இழுக்க மறுபடி ஓடினான். தார்சியுசும் இழுத்தார். இருக்கிற விரல்களால் இழுத்தார். கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது, வந்தது. கூடமே கிடுகிடுவென்று ஆடியது.

சொட்டச் சொட்ட நனைந்து அவர் கூடத்துக்குள் வந்தபோது, பெட்டி அணைந்து எழுந்திருந்தது. பச்சை விளக்கு.

கடலில்: 0.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மெட்டில்டா வந்தாள். கஸ்பார் பெண்டாட்டி. கஸ்பார் ஒற்றை ஆளாக ஃபைபர் படகில் போகிறவன். காற்று சரியில்லை என்றால் தெற்கே பக்கத்து ஊர்க் கரையில் ஏற்றிவிட்டு, நடந்து வருவான். அது எல்லாருக்கும் தெரியும்.

"மாமா, அவுகளக் காணல."

"திரையப் பாரு தாயி. பூஜ்யம். அமுக்கிட்டுத்தான் எங்கேயோ நிக்கான். இல்லேன்னா இது காட்டுமா?"

"அவுக படகு இங்க இல்லையே மாமா."

"தெக்க ஒதுக்கிட்டு, நடந்து வந்து அமுக்கியிருப்பான். இங்க இடம் எங்க இருக்கு? வீட்டுக்குப் பசியோட வருவான். போய்ச் சோறு ஆக்கு."

அவள் இன்னொரு தடவை திரையைப் பார்த்தாள். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. போனாள்.

மீன்துறையிலிருந்து ஃபோன் வந்தது. உங்க கரையில் யாராவது வெளியே இருக்காங்களா? யாருமில்லை சார், என்றார் தார்சியுஸ். தேடுகிற கப்பல் இந்தப் பக்கம் வராமல் வடக்கே போனது.

மறுநாள் கஸ்பார் படகின் மூக்கு மட்டும் கரை ஒதுங்கியது. பெயின்டில் எழுதிய நம்பரோடு. அதற்குப் பிறகு எல்லாப் படகும் தேடப் போனது. டீசல் தீரத் தீரத் தேடினார்கள். வெறுங்கையோடு வந்தார்கள்.

ஸ்தெல்லா பஸ்ஸில் வந்து இறங்கினாள். நேராகக் கூடத்துக்குப் போனாள். பெட்டியைத் திறந்தாள். மடித்து வைத்த தாள் நனைந்து கூழாகி, கார்டு தொளதொளவென்று தொங்கியது. அதைத் துடைத்து, தன் லேப்டாப்பில் செருகித் திறந்தாள்.

கடலில்: 1.

அதுதான் பழைய வீடு. கஸ்பாரின் நம்பர் அதற்குள் பத்திரமாக இருந்தது. போனது இருந்தது. வந்தது இல்லை.

அவள் கார்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கார்டு இல்லாமலே பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். பெட்டி தனக்குள்ளேயே புதுசாக ஒரு காலி வீட்டைக் கட்டிக்கொண்டது; உடனே பச்சை விளக்கு எரிந்தது.

"கஸ்பார் நம்பரை அமுக்குங்க."

அமுக்கினார். அப்படி ஒரு படகு இல்லை, என்றது திரை.

"காவக்காரங்க பட்டியல்ல உங்க பேரைத் தேடுங்க."

அமுக்கினார். அப்படி ஒருவர் இல்லை.

தார்சியுஸ் நின்றார். திட்டுவாள் என்று நின்றார். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இனிமே எப்படித் திறக்கணும் டீச்சர்? சரியாச் சொல்லிக்குடுங்க. அப்படியே எழுதுதேன்."

"வாங்க" என்றாள் அவள். பெட்டியை அப்படியே பச்சையாக விட்டுவிட்டு நடந்தாள்.

கஸ்பார் வீட்டு முற்றத்தில் சாமியானா போட்டிருந்தது. நடுவில் சவப்பெட்டி. கடல் உடம்பைத் திருப்பித் தராத வீட்டில் அந்த ஊரில் அப்படித்தான் செய்வார்கள். செத்தவன் சட்டையையும் வேட்டியையும் பெட்டிக்குள் வைத்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, மேலே சிலுவை நடுவார்கள். ஆணி அடிக்க ஆள் வந்து நின்றான். அடிக்க முடியவில்லை. மெட்டில்டா பெட்டி மூடிக்கு அடியில் கையை வைத்திருந்தாள்.

"கையை எடும்மா" என்றார் ராயப்பன், கஸ்பாருக்கு அண்ணன். "சாமியார் காத்துக்கிட்டு இருக்காரு."

"உள்ள யாரு இருக்கா?"

"என்ன கேள்வி இது?"

"உள்ள யாரு இருக்கா அத்தான்?"

"அவன் சட்டை இருக்கு. கல்யாணச் சட்டை. நீதானே எடுத்துக் குடுத்த?"

"சட்டையவா நான் கட்டிக்கிட்டேன்?"

ராயப்பன் குரலை இறக்கினார். "ஒரு கல்லறை வேணும்லாம்மா. நாளைக்கு உன் பிள்ளைக அப்பா எங்கன்னு கேட்டா, கையக் காட்ட ஒரு இடம் வேணும்லா."

"தெரியலன்னு சொல்லுதேன். எனக்குத் தெரியல. தெரியலன்னே சொல்லுதேன். இல்லாத ஆளுக்கு இருக்க மாதிரி ஒண்ணு செஞ்சு வைக்காதீக."

தார்சியுஸ் ஸ்தெல்லாவைப் பார்த்தார். அவள் சாமியானாக் கம்பில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெட்டில்டா தலையைத் தூக்கினாள். கூட்டத்தில் அவர் முகம் பட்டது.

"மாமா. அந்தப் பெட்டி பொய் சொல்லுமா?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. உப்பு. களிம்பு. கரண்ட். கார்டு. எல்லாம் உண்மைதான். எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்.

"பெட்டிக்குத் தெரியல தாயி" என்றார் தார்சியுஸ். "தெரியலன்னு சொல்ல நான் விடல."

அவள் அழவில்லை.

"போய்ச் சோறு ஆக்குன்னு சொன்னீக."

"ஆமா."

"ஆக்கினேன்."

ராயப்பன் பாய்ந்து வந்தார். தார்சியுசின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, வாயில் ஒரு குத்துவிட்டார். இன்னொன்றும் விட்டார். யாரும் விலக்கவில்லை. ஸ்தெல்லாவும் விலக்கவில்லை. தார்சியுஸ் கையைத் தூக்கவில்லை. ராயப்பன் தானாகவே களைத்து, மணலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மெட்டில்டாவின் கை மூடிக்கு அடியிலேயே இருந்தது.

இரண்டு பேரும் கூடத்துக்குத் திரும்பினார்கள். தார்சியுஸ் உதட்டு ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்தெல்லா ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே அந்த வார்த்தையைத் தேடி அழித்தார். அது இருந்த இடத்தில், விரல் தடுமாறத் தடுமாற, திரைக்கு வேறு ஒரு வரி எழுதினார். கார்டு இல்லாமலே பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

வீட்டைக் காணவில்லை. கடலில் யார் என்று தெரியாது.

வலை தூக்கிக்கொண்டு போன ஒருவன் நின்று பார்த்தான். "என்ன வேய், மறுபடி செவப்பா? நாளைக்குப் போகண்டாமா நாங்க?" என்று கத்திவிட்டுப் போனான்.

ஸ்தெல்லா சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"டீச்சர்." அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படிச் செவப்பாவே நின்னா, சனம் திட்டுமே."

"திட்டட்டும்ணே" என்றாள் ஸ்தெல்லா. "திட்டுறவன் கரையில நிக்கான்."